நாய்க்குத் தூவிய திராட்சை

குல்யாஷுக்கு ஒரே மகன், அசேத். அவன் அல்மாத்தி நகரத்திலேயே தங்கிவிடுவான் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தபோது, அவன் கட்டிக்கொள்ளப் போகிற கம்ஷாத் என்ற பெண்தான், "உங்க ஊருக்கே போயிடலாம்" என்றாளாம். கூடவே ஒரு நிபந்தனை. "என் லாஷின் எங்க நல்லா இருக்குதோ அங்கதான் நானும் இருப்பேன்."

லாஷின் அவள் வளர்க்கும் வேட்டை நாய். ஒட்டிய வயிறும் நீள மூக்குமாய் அப்படி ஒரு அழகு.

"நாயை முன்னிட்டு நிபந்தனையா? என்ன திமிரு பாத்தியா!" என்றாள் குல்யாஷின் நாத்தனார் ஷோல்பான்.

குல்யாஷ் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பிள்ளை கண்ணெதிரே இருப்பான் என்றால் ஒரு நாய் என்ன, ஒட்டகக் கூட்டமே வரட்டுமே!

கல்யாணத்தன்று முகத்திரை போட்ட மருமகள் வாசலில் வந்து இறங்கினாள். குல்யாஷுக்குக் கால் தரையில் பாவவில்லை. வருகிறவள் தலையில் இனிப்பு தூவுவது மாமியாரின் உரிமை, அதை விட்டுக்கொடுப்பாளா? மிட்டாயும் உலர்ந்த பழங்களுமாய் அள்ளி அள்ளி வீசினாள். பிள்ளைகள் விழுந்தடித்துப் பொறுக்கினார்கள்.

மருமகளுக்குப் பின்னால் லாஷின் கூட்டத்தைக் கண்டு மிரண்டு நின்றது. குல்யாஷுக்கு மனசு தாங்கவில்லை. "வாடி என் ராசாத்தி! நீயும் இந்த வீட்டுக்கு வந்த பொண்ணுதானே!" என்று கிண்ணத்தில் மிச்சமிருந்ததை அப்படியே அதன்மேல் கொட்டினாள். அடியில் தங்கியிருந்தது முழுக்க உலர் திராட்சை.

"நாய்க்குத் தூவின மாமியார் உலகத்துலயே நீ ஒருத்திதான்டி!" என்றாள் ஷோல்பான். கூட்டம் குலுங்கிச் சிரித்தது.

பாட்டுக்காரர் தோம்ப்ரா என்ற இரண்டு தந்தி வாத்தியத்தை மீட்டி உறவினர்களை ஒவ்வொருவராய்ப் பேர் சொல்லிப் பாட, மருமகள் ஒவ்வொருவருக்கும் குனிந்து வணங்கினாள். குனிந்தவள் கண்ணில் பட்டது, தரையை நக்கித் துடைத்துக்கொண்டிருந்த நாய். திரைக்குள் இருக்கும் பெண் வாய் திறக்கக் கூடாது. இவள் போட்டாளே ஒரு கூச்சல்!

"ஐயோ, திராட்சை! நாய்க்கு அது விஷம்!"

"எலும்பையே கடிச்சு முழுங்குற ஜீவன். அதைத் திராட்சை என்னடி பண்ணும்?" என்றாள் ஷோல்பான்.

பந்தியில் இருந்த கால்நடை மருத்துவர் துர்சின்பேக் கையில் ஒட்டிய கறிக் கொழுப்பைத் துடைத்தபடி ஓடி வந்தார். "பண்ணும் அக்கா. சிறுநீரகமே போயிடும். யாராவது என் வண்டியிலேருந்து பையை எடுத்துட்டு வாங்க!"

குல்யாஷ் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண்ணீர் தாரை தாரையாய் வழிந்தது. வரவேற்கிறேன் பேர்வழி என்று தன் கையாலேயே எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டோமே!

துர்சின்பேக் வாந்தி வர ஊசி போட்டார். சற்று நேரத்தில் லாஷின் ஒரு குலுக்குக் குலுக்கி, மருமகள் நடந்து வர விரித்த வெள்ளைத் துணியின்மேல் அத்தனையையும் கக்கியது. கூட்டமே கைதட்டியது. வாந்திக்குக் கைதட்டின ஊர் எங்கள் ஊராகத்தான் இருக்கும்.

"தின்னதுல பெரும்பாலும் வந்துடுச்சு. இருந்தாலும் சலைன் ஏத்தணும். மூத்திரம் நல்லாப் போகுதான்னு பாருங்க. போனாத்தான் தைரியமா இருக்கலாம்" என்றார் மருத்துவர்.

மணமக்கள் அறையில், குளிர்காலம் பூரா குல்யாஷ் தைத்த புதுக் கம்பளத்தில் லாஷினைப் படுக்க வைத்தார்கள். வெளியே ஆட்டமும் பாட்டும். உள்ளே மாமியாரும் மருமகளும் நாய்க்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி.

"மன்னிச்சுடும்மா. ஆசையில பண்ணிட்டேன்" என்றாள் குல்யாஷ். "இனிமே இங்க இருக்க மாட்டீங்கதானே?"

"முதல்ல இது எழுந்துக்கட்டும் அத்தை" என்று மட்டும் சொன்னாள் கம்ஷாத்.

விடிந்து வெளிச்சம் வந்தபோது லாஷின் எழுந்தது. சோம்பல் முறித்தது. கம்பளத்தின் நட்ட நடுவில், குல்யாஷ் கண் நோகத் தைத்த, ஆட்டுக்கொம்பு போல் சுருண்ட சிவப்புச் சித்திரத்தின்மேல் உட்கார்ந்து, போயிற்று போயிற்று, அவ்வளவு போயிற்று!

குல்யாஷ் தலைத்துணி நழுவியதுகூடத் தெரியாமல், தேநீர் குடித்துக்கொண்டிருந்த விருந்தாளிகளுக்கு நடுவே பாய்ந்தாள். "போயிடுச்சு! மூத்திரம் போயிடுச்சு! என் கம்பளம் பூரா போயிடுச்சு!"

"இந்த வீட்டுல யாருக்குமே புத்தி இல்லை" என்றாள் ஷோல்பான். சொல்லிவிட்டு, முதல் ஆளாய்க் குலவை விட்டவளும் அவள்தான்.

துர்சின்பேக் நாயைத் தடவிப் பார்த்தார். "நல்ல சேதிதான். இன்னும் ரெண்டு நாள் கண்ணுல வெச்சுப் பாத்துக்குங்க."

குல்யாஷ் திரும்பி வந்தபோது கம்ஷாத் கம்பளத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ விடும்மா, நான் அலசுறேன்."

"அந்த ஓரத்தைப் பிடிங்க அத்தை, ரெண்டு பேருமா தூக்கலாம்" என்றாள் கம்ஷாத். "ஆமா, நம்ம முற்றத்துல குளிர்காலத்துல வெயில் எந்தப் பக்கம் விழும்? லாஷினுக்கு அங்க ஒரு குடில் கட்டணும்."

குல்யாஷ் ஈரக் கம்பளத்தை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தெற்கு பார்த்த சுவரைக் காட்டினாள்.