பத்துக்கு நாலு வாங்கிய காணிக்கைப் பாட்டு

திண்டிவனத்தில் பஸ் ஏறி விழுப்புரத்தில் இறங்குவதற்குள் ஒரு பாட்டைக் கொன்று புதைத்துவிடுவேன். வீடு திண்டிவனத்தில். விழுப்புரத்தில் ஒரு பள்ளியில் இருபத்தொன்பது வருடமாகத் தமிழாசிரியர் வேலை. பஸ்ஸில் மற்றவர்கள் தூங்குவார்கள். நான் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, புதிதாக வந்த கிறிஸ்தவப் பாடல்களைக் கேட்டு, 'பாடல் அலசல்' என்ற வாட்ஸ்அப் குழுவில் விமர்சனம் எழுதுவேன். குழுவில் இருநூற்றுப் பதினான்கு பேர். பாதிப் பேர் எங்கள் பங்குக் கோவில்காரர்கள். மீதிப் பேர் குழுவிலிருந்து எப்படி வெளியேறுவது என்று தெரியாதவர்கள்.

கூட்டேரிப்பட்டு வருவதற்குள் பாட்டின் குறைகளைப் பட்டியல் போட்டிருப்பேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நிற்கும்போது பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவேன். 'நேசரே' என்று ஒரு வரி முடிந்து அடுத்த வரி 'ராஜரே' என்று முடிந்தால் ஒரு மதிப்பெண் போச்சு. ஒரே வரியை எட்டு முறை பாடினால் இரண்டு போச்சு. என்னிடம் ஏழுக்கு மேல் வாங்கிய கவிஞர் இதுவரை ஒருவர்தான். அவர் பெயர் சவுரிராயன். அடியேன்தான்.

நானும் இருபத்து மூன்று பாடல்கள் எழுதியிருக்கிறேன். எல்லாவற்றிலும் சொற்கள் வரிசை கட்டி நிற்கும், பாடத்தான் ஆள் நிற்காது. போன கிறிஸ்துமஸுக்கு நான் எழுதிய பாட்டை வாங்கிப் பார்த்த கீபோர்டு ஆனந்தராஜ், "சார், இது பாட்டா, கொஸ்டின் பேப்பரா?" என்று கேட்டான். அவனுக்கு இலக்கிய ரசனை கிடையாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

இந்த வருடம் எங்கள் பங்குக்கு வெள்ளிவிழா. விழாத் திருப்பலியில், பீடத்துக்குக் காணிக்கை கொண்டுவரும்போது பாட ஒரு புதுக் காணிக்கைப் பாட்டு வேண்டும் என்று ஃபாதர் சொல்லியிருந்தார். நான் மூன்று எழுதிக் கொடுத்தேன். அவர் மூன்றையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, ஒரு நாள் வேறொரு தாளை நீட்டினார்.

"சார், நம்ம வெண்ணிலா ஒண்ணு எழுதிக் குடுத்திருக்கு. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி எழுத்துப்பிழை எதுனா இருக்கான்னு ஒரு பார்வை பாத்துருங்க."

வெண்ணிலாவுக்கு முப்பது வயது இருக்கும். கண்டமங்கலத்துப் பெண், கல்யாணமாகி எங்கள் ஊருக்கு வந்தவள். விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். பாடகர் குழுவில் கடைசி வரிசையில் நிற்பாள். முன்வரிசையில் மைக்கோடு நிற்பவன் நான். அவள் எழுதியிருந்தது மொத்தமே நாலு வரி.

வயல் தந்ததை வைக்கிறேன்
கை தந்ததை வைக்கிறேன்
மீதி உள்ளது மூச்சுதான்
அதுவும் உம்முடையதுதானே ஆண்டவரே

போனில் பாடியும் அனுப்பியிருந்தாள். முதல் மூன்று வரிகளில் ஒவ்வொன்றுக்கும் பிறகு மூன்று வினாடி மௌனம். முதலில் என் இயர்போன்தான் போய்விட்டதோ என்று ஒயரை ஆட்டிப் பார்த்தேன். பிறகு பாட்டே அப்படித்தான் என்று புரிந்தது. எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. பிழை இல்லாத தாளைத் திருப்பிக் கொடுக்க எந்தத் தமிழாசிரியனுக்கு மனம் வரும்? மூன்று மௌனங்களையும் நிரப்பினேன். முதல் வரிக்குப் பின் 'வானவர் போற்றும் வள்ளலே'. இரண்டாவதற்குப் பின் 'கருணை பொழியும் கொண்டலே'. மூன்றாவதற்குப் பின் 'மாட்சிமை மிகுந்த மன்னவா'. தாளின் அடியில், 'சொல் செம்மை: புலவர் சவுரிராயன்' என்று சின்னதாகப் போட்டுக்கொண்டேன். சின்னதாகத்தான், ஆனால் அடர்த்தியாக.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. குழுவில் அலசலும் எழுதினேன். 'கவிஞருக்குச் சொற்பஞ்சம். வரிக்கு வரி வெற்றிடம். பாத்திரம் இருக்கிறது, பதார்த்தம் இல்லை. மதிப்பெண் பத்துக்கு நாலு. திருத்திய வடிவம் விரைவில்.' வெண்ணிலா ஒரு கும்பிடு பொம்மையும், "நன்றி சார், நீங்க சொல்ற மாதிரியே பாடிடலாம்" என்ற வரியும் அனுப்பினாள். பெருந்தன்மையாக ஒரு கட்டைவிரலைத் தட்டிவிட்டேன்.

ஆயிரம் தாள் அச்சாகி வந்தது. பாடகர் குழுவுக்கு இரண்டு வாரம் பயிற்சியும் கொடுத்தேன். வரிகளை இடைவெளி இல்லாமல் பாடியதில் எல்லோருக்கும் முகம் சிவந்தது. பக்திப் பரவசம் என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் என் மனைவியின் அண்ணன் பிரான்சிஸ் மச்சானுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் நடந்தது. வெண்ணிலா வேலை செய்யும் அதே ஆஸ்பத்திரியில்தான். மச்சான் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடும் விவசாயி. கோவிலில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, சுருதி எந்தப் பக்கம் போனாலும் கவலைப்படாமல் ஓங்கிப் பாடுவார். அந்தக் குரலைப் பற்றி நானே எத்தனையோ முறை கிண்டல் செய்திருக்கிறேன். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் ஆழமாக மூச்சு இழுக்கவே பயந்தார். இழுத்தால் தையல் பிரிந்துவிடும் என்று ஒரு பயம். மூன்று உருண்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கொடுத்து, குழாயை வாயில் வைத்து இழுத்து உருண்டையை மேலே ஏற்றச் சொல்லியிருந்தார்கள். இழுக்காவிட்டால் நெஞ்சில் சளி கட்டி நிமோனியாவில் கொண்டுபோய் விட்டுவிடும் என்றும் சொல்லியிருந்தார்கள். மச்சான் பெட்டியை ஜன்னலில் வைத்துவிட்டார். என் மனைவி வீட்டில் அழுதுகொண்டிருந்தாள்.

ஆறாம் நாள் பள்ளி விட்டதும் பார்க்கப் போனேன். வார்டு வாசலிலேயே பாட்டுச் சத்தம் கேட்டது. ஏழெட்டு நோயாளிகள் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, தையல் அதிராமலிருக்க ஆளுக்கொரு தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் வெண்ணிலா நின்று கையை மெதுவாக உயர்த்தித் தாழ்த்திக்கொண்டிருந்தாள்.

"வயல் தந்ததை வைக்கிறேன்" என்று கம்மிய குரல்கள். பிறகு மௌனம். அந்த மௌனத்தில் வெண்ணிலாவின் கை உயர, அத்தனை பேரும் மூச்சை உள்ளே இழுத்தார்கள். அந்தச் சத்தத்தைக் காதால் கேட்டேன். அடுத்த வரி, மறுபடி மூச்சு. "மீதி உள்ளது மூச்சுதான்" என்று பாடி முடித்ததும், மச்சான் கண்ணை மூடி, மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இழுத்தார். நாலாவது வரி மற்ற மூன்றையும்விட நீளம். மூன்று முறை இழுத்துச் சேர்த்த மூச்சு அதற்குப் போதுமாக இருந்தது. 'ஆண்டவரே' வரைக்கும் மச்சான் தடுக்கி விழாமல் போய்ச் சேர்ந்தார்.

மூச்சு என்ற சொல்லைப் பாடியவுடனே பாடுகிறவன் மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது. வாங்கியவுடன் அதுவும் உம்முடையது என்கிறான். நாலு வரியில் இதைக் கட்டியிருக்கிறாள். பதார்த்தம் இல்லை என்று நான் எழுதிய இடத்தில்தான் பதார்த்தமே இருந்திருக்கிறது. அங்கே போய் ஒரு கொண்டலையும் ஒரு மன்னவனையும் கொட்டி அடைத்துவிட்டு வந்திருக்கிறேன். அவ்வளவு வெட்கமாக இருந்தது.

"வா மாப்ளே" என்றார் மச்சான். "இந்தப் பொண்ணு பாட்டு போட்டிருக்குது பாரு, ஆளையே எழுப்பி உக்கார வச்சிடுது. அந்த உருண்டைப் பொட்டி பெரிய பேஜாரு. இது பரவால்ல, பாடிக்கினே இழுத்துடலாம்."

பக்கத்துக் கட்டிலில் காணையிலிருந்து வந்த கோதண்டபாணி என்ற கரும்பு விவசாயி இருந்தார். நெற்றியில் திருநீறு. "எந்த சாமி பாட்டா இருந்தா என்னங்க? மூச்சு உள்ள போவுதில்ல?" என்றார்.

"வெள்ளிவிழாவுக்கு இதத்தான் பாடறாங்களாமே" என்றார் மச்சான். "நீதான மைக்ல நிக்கப் போற? நான் வந்துடுவேன் மாப்ளே. டாக்டர் திட்டினாலும் வந்துடுவேன். நாலு வரியும் கோயில்ல நின்னு பாடிட்டேன்னா நான் பொழைச்சிக்கினேன்னு அர்த்தம்."

அவருக்கு வாட்ஸ்அப் கிடையாது. பாட்டைத் திருத்தியதை நானும் சொல்லவில்லை.

வராந்தாவில் வெண்ணிலாவைப் பிடித்தேன். "ஏம்மா, இது எதுக்குன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லலாம்னுதான் சார் இருந்தேன். அதுக்குள்ள நாலு மார்க்குன்னு போட்டுட்டீங்க." அவள் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். "எங்க மாமியார் அந்த குரூப்ல இருக்காங்க சார். ராத்திரி சாப்பாட்டுக்கு உக்காரும்போது சத்தமா படிச்சாங்க. அப்புறம் எனக்கே டவுட் வந்துடுச்சி. நீங்க தமிழ் படிச்சவங்க, உங்களுக்குத் தெரியாததா?"

அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். "பார்க்கலாம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் ஃபாதருக்கு போன் போட்டேன். "என்ன சார்?" என்றார். என் சொற்கள் வேண்டாம் என்று சொல்லத்தான் போட்டேன். ஆனால் வாய் வரவில்லை. "ஒண்ணுமில்ல ஃபாதர், தாளெல்லாம் வந்துடுச்சான்னு கேக்கத்தான்" என்றேன். தாள் வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது, என் வீட்டுக் கூடத்தில்தான் கட்டுக்கட்டாகக் கிடந்தது. குழுவில் ஒரு மறுப்பு எழுதலாம் என்று மூன்று முறை முயன்றேன். மூன்றும் என்னைப் பாராட்டியே முடிந்தன.

விழா ஞாயிறும் வந்தது. கோவில் நிறைந்து வாசல் பந்தல் வரை கூட்டம். மச்சான் முதல் பெஞ்சில் தலையணையோடு உட்கார்ந்திருந்தார். வேட்டி சட்டையெல்லாம் புதுசு. காணிக்கைப் பவனி கிளம்பியது. வாழைத்தாரும் மல்லாட்டைக் கூடையும் முன்னே வந்தன. மச்சான் தலையணையை அணைத்துக்கொண்டு எழுந்து நின்றார். ஆனந்தராஜ் ஆரம்பித்தான்.

"வயல் தந்ததை வைக்கிறேன், வானவர் போற்றும் வள்ளலே!"

மச்சான் முதல் பாதியைப் பாடினார். வழக்கப்படி மூச்சு இழுக்க வாயைத் திறந்தார். ஊரே வள்ளலைப் பிடித்துக்கொண்டு ஓடியது. அவர் திகைத்து, பின்னாலேயே ஓடப் பார்த்து, கொண்டலில் இருமிவிட்டார். தலையணையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். கையிலிருந்த தாளை எட்ட வைத்துப் படித்தார். அடியில் இருந்த சின்ன எழுத்தையும் படித்தார் என்று நினைக்கிறேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். திட்டவில்லை. பாட்டு இனித் தனக்கில்லை என்பது போலத் தாளை மடித்துப் பையில் வைத்தார்.

பொழைச்சிக்கினேன்னு அர்த்தம் என்று அவர் வார்டில் சொன்னது மறுபடி காதில் ஒலித்தது. முதல் சுற்று முடிந்தது. மைக்கில், "இரண்டாம் முறை, வெண்ணிலா பாடுவாங்க" என்றேன். இது எங்கள் திட்டத்திலேயே இல்லை. கடைசி வரிசைக்குப் போய் அவள் கையில் மைக்கைக் கொடுத்தேன். "நீ எழுதின மாதிரியே பாடும்மா. தப்பு என்மேல. மன்னிச்சுக்கோ" என்றேன். மைக் அணையவில்லை. பந்தல் வரை கேட்டிருக்கிறது.

அவள் பாடினாள். முதல் வரி முடிந்தது. கூட்டத்தில் நாலைந்து பேர் "வானவர்" என்று கிளம்பி, துணைக்கு ஆள் இல்லாமல் நின்றுவிட்டார்கள். என் நாக்கும் துடித்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். மேலே மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது. பிறகு கோவிலே ஒருமுறை மூச்சு வாங்கியது. இரண்டாவது வரிக்கு மச்சான் எழுந்துவிட்டார். நாலாவது வரியில் அவர் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே, சுருதியை விட்டு நன்றாக விலகி, 'ஆண்டவரே' வரைக்கும் போனது. நான் அழுதேன். அந்தப் பாட்டுக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் மூன்று இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்ததுதான்.

வெளியே வந்ததும் மச்சான் என் தோளில் கையைப் போட்டார். "மாப்ளே, நீ பாடாத எடம் சூப்பரா இருந்துச்சி."

அன்று மாலையே குழுவில் எழுதினேன். 'காணிக்கைப் பாட்டுக்கு நான் போட்ட மதிப்பெண் தவறு. பாட்டைத் திருத்தியதும் தவறு. வெண்ணிலாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.' இவ்வளவுதான், அடைமொழி கிடையாது. முதல் கட்டைவிரல் வெண்ணிலாவின் மாமியாரிடமிருந்து வந்தது.

அந்தப் பாட்டை இனி ஞாயிறுதோறும் பாடலாம் என்றார் ஃபாதர். தாள்களை வீணாக்க வேண்டாம் என்பதால், மிஞ்சிய நானூறையும் கூடத்தில் பரப்பி, விடைத்தாள் திருத்தும் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வள்ளலை அடித்தேன். கொண்டலை அடித்தேன். மன்னவனை அடித்தேன். தாளின் அடியில் இருந்த 'சொல் செம்மை: புலவர் சவுரிராயன்' என்பதையும் அடித்தேன். பொய் சொல்வானேன், முதல் பத்துத் தாளில் அதை மட்டும் விட்டுவைத்திருந்தேன். நானூறும் முடிந்த பிறகு, அந்தப் பத்தையும் தேடி எடுத்து அடித்தேன்.