பின்சீட்டுக்கு அடியில்

பூபாலன் முதலில் காரின் பேட்டரி வயரைக் கழற்றி ஒதுக்கி வைத்தான். பிறகு பெரிய ஃபேனை நிறுத்தினான். ஷெட்டுக்குள் காற்று அப்படியே நின்றுபோனது. சட்டைப்பையிலிருந்து பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் எடுத்து, வெளியே வேப்பமரத்தடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த அனிதாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தான்.

"பையில போட்டு வெய்யி. பெட்ரோல் டேங்க்கத் தொறக்கப் போறேன்."

"இன்னும் எவ்வளவு நேரமுங்க? பொங்கலூர்ல பந்தி முடிஞ்சிரும்."

"முடியாது. உங்கக்கா ஊட்டுல கடைசிப் பந்திக்குத்தான் எப்பவும் பாயசமே வெளிய வரும்."

அனிதா சிரிப்பை அடக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். அன்று ஞாயிற்றுக்கிழமை. அவளுடைய பனியன் கம்பெனிக்கு லீவு. அக்கா மகனுக்குக் காதுகுத்து. மகள் பூங்குழலி முதல் நாளே பெரியம்மாவோடு போய்விட்டாள். இவர்கள் பைக்கில் கிளம்பியபோதுதான் வெள்ளியங்கிரியிடமிருந்து போன் வந்தது. தாராபுரம் ரோட்டில் அவிநாசிபாளையத்தில் அவருடைய வொர்க்‌ஷாப். கல்யாணத்துக்கு முன்பிருந்தே பூபாலன் அங்கேதான் மெக்கானிக்.

ஷெட்டுக்குள் நின்ற வெள்ளைக் கார் சிவபிரகாஷுடையது. அவன் அப்பாவுக்குப் பனியன் எக்ஸ்போர்ட். அவர்கள் கம்பெனி வேன்கள் எல்லாம் வெள்ளியங்கிரியிடம்தான் சர்வீஸுக்கு வந்தன. கார் வெளியிலிருந்து பார்க்க ஷோரூமில் நின்ற மாதிரியேதான் இருந்தது. சக்கரம், சைலன்சர், சீட் எதையும் அவன் மாற்றவில்லை. கோயம்புத்தூரில் ஒருவரிடம் கொடுத்து இன்ஜினின் கம்ப்யூட்டரில் மட்டும் சில கணக்குகளை மாற்றி வாங்கியிருந்தான். அதன்பிறகு மிதித்தால் கார் பறந்தது. ஆனால் ஒரு வேகத்தைத் தாண்டியதும் விக்கல் எடுத்ததுபோல இழுத்தது. பெட்ரோல் போதவில்லை என்று பூபாலன்தான் கண்டுபிடித்துச் சொன்னான். பெரிய பம்ப் ஒன்றை சிவபிரகாஷ் ஆன்லைனில் வரவழைத்திருந்தான்.

"புதுக் காருக்கு எதுக்குங்க பம்ப் மாத்தோணும்?" என்று அனிதா உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள்.

"இதுல டர்போன்னு ஒண்ணு இருக்குது. காத்த உள்ள தள்ளிட்டே இருக்கும். பந்திக்கு ஆள் கூட்டியாற மாதிரின்னு வெச்சுக்க. ஆள் வந்துட்டே இருக்குது, சாம்பார் வாளி மட்டும் பழைய வாளி. பரிமாறறவன் என்ன பண்ணுவான்?"

"ஆளக் கொறச்சுக் கூப்புடறது."

சிவபிரகாஷ் போனிலிருந்து தலையைத் தூக்கிச் சிரித்தான். "அக்கா சொல்றதுதான் செரிங்ண்ணா. ஆனா நாளைக்குக் காலைல பசங்க எல்லாரும் ரேஸ் உடறதுக்குத் தாராபுரம் ரோட்டுக்கு வர்றாங்க. ஆள் வேணுமே!"

"டேங்க்ல எவ்வளவு இருக்குதுங்க தம்பி?"

"ஃபுல்லுங்ண்ணா. நாளைக்கு ஓட்டோணுமேன்னு வர்ற வழிலயே அடிச்சுட்டு வந்துட்டேன்."

பூபாலன் கையிலிருந்த ஸ்பேனரைத் தாழ்த்தினான். வெள்ளியங்கிரியைப் பார்த்தான்.

"கால் டேங்க் இருந்தாப் பரவால்லீங்ண்ணா. ஃபுல்லா இருந்தா பம்ப்பத் தூக்கையில வழிஞ்சிரும். எறக்கீட்டுப் பண்ணலாங்க. இல்லீன்னா நாளைக்கு."

"எறக்கறதுக்குக் கேன் எங்கடா இருக்குது? ரெண்டே ரெண்டு கெடக்குது. தம்பி விடியால கெளம்போணும்னு நிக்குது. நீ பாத்து மெதுவாத் தூக்கு. இது என்ன உனக்கு மொதத் தடவையா?"

ட்யூப் போட்டு இரண்டு கேன்களையும் நிரப்பினார்கள். டேங்க் குறைந்ததாகவே தெரியவில்லை. பூபாலன் பின்கதவு வழியாக உள்ளே புகுந்தான். சீட்டைப் பெயர்த்து வெளியே கொடுத்தான். அடியில் இருந்த தகட்டு மூடியைத் திறந்து, வயரைப் பிடுங்கி, பெட்ரோல் குழாயைக் கழற்றினான். பம்ப்பை இறுக்கியிருந்த வளையத்தைத் திருப்ப இரும்பைத் தொடவில்லை. ஒரு கட்டைத் துண்டை வைத்து மெதுவாகத் தட்டித் தட்டித் திருப்பினான். பம்ப் மேலே வந்தபோது கூடவே பெட்ரோலும் வந்தது. மரத்தடி வரைக்கும் வாசனை எட்டியது. அனிதா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

பழைய பம்ப்பை ஒரு ட்ரேயில் வைத்து வெளியே நீட்டினான். வெள்ளியங்கிரி வாங்கி மேஜையில் வைத்தார்.

"தரையெல்லாம் ஆயிப்போச்சு. வேஸ்ட் குடுங்ண்ணா."

திருப்பூரைச் சுற்றியுள்ள எந்த வொர்க்‌ஷாப்பிலும் துடைப்பதற்குப் பனியன் வேஸ்ட்தான். கட்டிங் டேபிளில் கழியும் காட்டன் துண்டுகள் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். எண்ணெய், கிரீஸ், பெட்ரோல் எது பட்டாலும் குடித்துக்கொள்ளும். வெள்ளியங்கிரி மூலையிலிருந்த சாக்கை உதறினார். நூல்தான் விழுந்தது.

"வேஸ்ட்டுங்களா? எங்கிட்ட இருக்குது" என்று சிவபிரகாஷ் டிக்கியைத் திறந்தான். "நம்ம கம்பெனிதுதானுங்க. கார் தொடைக்க வெச்சிருந்தேன். எல்லாத்தையும் எடுத்துக்கங்க."

வெள்ளை வெளேரென்ற துண்டுகள். நழுவின. பூபாலன் ஒரு கை நிறைய வாங்கி உள்ளே தேய்த்தான்.

"என்னடா இது, குடிக்கவே மாட்டீங்குது. பெட்ரோலத் தள்ளித் தள்ளி உடுது."

அனிதா எழுந்து வந்து ஒரு துண்டை விரலால் நிமிண்டிப் பார்த்தாள். "இது காட்டன் இல்லீங்க, பாலியஸ்டரு. வெளையாடறவங்க போடற டி-ஷர்ட் துணி. எங்க கம்பெனிலயும் இப்ப இந்த ஆர்டர்தான் ஓடுது. மடிச்சு வெக்கையில கைல படபடன்னு பொரியும், சின்னதாப் பொறி கூடப் பறக்கும், மசுரெல்லாம் நட்டுக்கும்."

"உனக்கு எதத் தொட்டாலும் பொரியும்" என்றான் பூபாலன் காருக்குள் குனிந்தபடியே. "அந்தப் பக்கம் போ. பொடவைல வாசம் புடிச்சுரும்."

அவள் மரத்தடிக்குத் திரும்பினாள். மாசி மாதத்து வறண்ட வெயில். உள்ளே அவன் காய்ந்த துண்டுகளாக எடுத்து, தரை விரிப்பின்மேல் பலமாகத் தேய்க்கும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொரு சத்தம். அவள் தினமும் செக்கிங் டேபிளில் கேட்கிற, துணி பொரிகிற அதே சத்தம்தான், விரல் சொடுக்குகிற அளவுக்குச் சின்னதாக.

காரின் உள்பக்கம் முழுவதும் ஒரே நொடியில் நீலமாகி, மஞ்சளாகியது.

பூபாலன் பின்கதவு வழியாகப் பின்புறமாகவே வந்து விழுந்தான். வெள்ளியங்கிரி மணல் வாளியோடு ஓடினார். சிவபிரகாஷ் ரோட்டுக்கு ஓடிப்போய்க் கத்தினான். சாக்கை நனைத்துக் காரின் மேலும் பூபாலன் மேலும் போட்டார்கள். கார் பின்பாதி கருகியதோடு நின்றது. பூபாலனின் கைகளில் அந்த வெள்ளைத் துண்டுகள் உருகி, தோலோடு தோலாக ஒட்டியிருந்தன. அனிதா அதை உரிக்கப் போனாள். "வேண்டாம், வேண்டாம்" என்று அவன்தான் சொன்னான்.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் கொசுவலைக்குள் படுக்க வைத்திருந்தார்கள். சில நேரம் தெளிவாகப் பேசினான். காதுகுத்து முடிந்ததா என்று கேட்டான். பூங்குழலியை இங்கே கூட்டி வர வேண்டாம் என்றான். ஒரு சாயந்திரம் அனிதாவை அருகே அழைத்தான்.

"பழைய பம்ப் ட்ரேயில இருக்குது. தூசி உழாம மூடி வெக்கச் சொல்லு. பாவம், அந்தத் தம்பி காரு."

"சொல்றனுங்க."

மறுநாள் விடிவதற்குள் அவன் போய்விட்டான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரத்தில் பூங்குழலி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பையைக் கழற்றாமலே வாசற்படியில் நின்றாள்.

"அம்மா, அப்பா பீடி பத்த வெச்சதாலதான் செத்தாராமா? பஸ்ல ஒரு பையன் எல்லாருக்கும் சொல்றான். அவங்கப்பா சொன்னாராமா."

அனிதா மறுநாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். அங்கிருந்த ஏட்டு, வெள்ளியங்கிரி கொடுத்த வாக்குமூலத்தை அவளுக்குப் படித்துக் காட்டினார். இறந்தவர் தன்னிடம் வேலை செய்பவர் அல்ல, தெரிந்தவர். லீவு நாளில் பார்க்க வந்தவர். கார் சீட் கவர் மாற்ற வந்திருந்தது. சீட்டைக் கழற்றிப் பார்க்கும்போது அவர் பீடி பற்றவைத்திருக்கிறார்.

"அவரு வேலை பாத்துட்டிருந்தாருங்க. பம்ப் மாத்திட்டிருந்தாரு. நான் அங்கதான் இருந்தனுங்க."

"நீங்க சம்சாரம். நீங்க அப்புடித்தாம்மா சொல்லுவீங்க" என்றார் ஏட்டு. குரலில் கடுமை இல்லை. "வொர்க்‌ஷாப்காரர் வாயால வரோணும். அந்த சிவபிரகாஷ் சொல்லோணும். இல்ல, பம்ப் மாத்துன கார்ன்னு யாராச்சும் பாத்து எழுதோணும். இன்சூரன்ஸ்காரங்க நாளைக்கு வந்து பாக்கறாங்களாம். வேணும்னா அவங்ககிட்டப் போயிச் சொல்லிப் பாருங்க."

மறுநாள் அனிதா அரை நாள் லீவு கேட்டுக்கொண்டு அவிநாசிபாளையத்தில் பஸ்ஸில் வந்து இறங்கினாள். காரை ஷெட்டிலிருந்து தள்ளி வெயிலில் நிறுத்தியிருந்தார்கள். பின்கதவுகள் திறந்திருந்தன. உள்ளே வெள்ளியங்கிரி முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தார். டேங்க்கின் வாயில் பழைய பம்ப்பை இறக்கி வளையத்தைப் பூட்டியிருந்தார். சுற்றிலும் எல்லாம் கரியாக இருக்க, அதன் மூடி மட்டும் சுத்தமாக இருந்தது. அவர் கதவோரத்துக் கரியை விரலில் தொட்டுத் தொட்டு அந்த மூடியின் மேல் பூசிக்கொண்டிருந்தார்.

அவளைப் பார்த்ததும் விரல் நின்றது.

"வா அம்மிணி."

"என்னங்ண்ணா பண்றீங்க?"

அவர் கீழே பார்த்தார்.

"பீடி பத்த வெச்சாருன்னு எழுதிக் குடுத்திருக்கறீங்க. அவரு பீடிக்கட்டு எம் பையிலதானுங்க இன்னும் கெடக்குது. தொறக்கறதுக்கு முன்னால எங்கிட்டக் குடுத்தாரு. நீங்களும் பாத்துட்டுத்தான நின்னீங்க?"

"பாத்தேன்."

"அப்பறம் ஏனுங்க?"

"பம்ப்ப மாத்துனது தெரிஞ்சா இன்சூரன்ஸ்ல தர மாட்டாங்களாம். கார்ல இருக்கறதெல்லாம் கம்பெனி போட்டதாவே இருக்கோணுமாம். அந்தக் கம்ப்யூட்டரக் கூட பழையபடி மாத்தீட்டாங்க. இன்சூரன்ஸ் வரலீன்னா கார்க் காசு நாந்தான் கட்டோணும்னு தம்பியோட அப்பா கூப்புட்டுச் சொல்லீட்டாரு. வேனெல்லாம் வேற பக்கம் உட்டுருவாங்க. இந்த ஷெட்ட வித்தாலும் எனக்கு ஆகாது அம்மிணி." அவர் கரி விரலை வேட்டியில் துடைத்தார். "பம்ப்பே மாத்தலீன்னு ஆயிட்டா, பூபாலன் எதுக்கு உள்ள குனிஞ்சிருந்தான், எப்புடித் தீப் புடிச்சுதுன்னு கேப்பாங்கல்ல? ஒரு பதில் வேணும்."

"அந்தப் பதிலத்தான் எம்புள்ளைகிட்ட பஸ்ல சொல்றாங்க."

"அவன் எனக்குத் தம்பி மாதிரி..."

"வேலைக்காரனே இல்லீன்னு ஸ்டேஷன்ல சொன்னீங்க. இங்க வந்தாத் தம்பியா?"

வெள்ளியங்கிரி எதையோ சொல்ல வாயெடுத்தபோது ரோட்டில் இரண்டு வண்டிகள் வந்து நின்றன. முன்னால் சிவபிரகாஷின் அப்பா கார், பின்னால் ஒரு பைக். காரிலிருந்து சிவபிரகாஷ் மட்டும் இறங்கினான். அனிதாவைக் கண்டதும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான். பைக்கில் வந்தவர் இன்சூரன்ஸ் சர்வேயர். தோளில் பை, கையில் பெரிய போன். சின்ன வயசுதான்.

அவர் காரைச் சுற்றி வந்தார். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று படம் எடுத்தார்.

"வண்டில மாடிஃபிகேஷன் ஏதாச்சும் பண்ணியிருக்கீங்களா சார்?"

"இல்லீங்க. எல்லாம் ஸ்டாக்தான், கம்பெனி போட்டபடியேதான் இருக்குது" என்றான் சிவபிரகாஷ்.

"பம்ப் மாத்துனாங்க சார்" என்றாள் அனிதா.

மூன்று பேரும் திரும்பினார்கள்.

"பெரிய பம்ப்பு போடறதுக்குத்தான் சார் சீட்டக் கழட்டுனது. அந்த வேலை பண்ணும்போதுதான் தீப் புடிச்சுது. பழசத் திரும்ப மாட்டியிருக்கறாங்க. இவருகிட்டக் கேளுங்க."

சர்வேயர் வெள்ளியங்கிரியைப் பார்த்தார். வெள்ளியங்கிரி தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சர்வேயர் போனில் டார்ச்சைப் போட்டு, காருக்குள் தலையை நீட்டி, மூடியின் மேல் படிந்திருந்த கரியை ஊதினார். வாயசைத்து ஒரு நம்பரைப் படித்தார்.

"கம்பெனி நம்பர்தானேம்மா இருக்குது." நிமிர்ந்தார். "நீங்க யாருங்க?"

"அவரு சம்சாரம்."

"ஓ..." அவர் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். "சாரிங்க. கேள்விப்பட்டேன். ஆனா நான் காருக்கு மட்டும்தாங்க வந்திருக்கேன். ஆள் விஷயம் எங்க செக்ஷன்ல வராதுங்க."

தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டு பின்கதவருகே குனிந்தார். கருகிய தரையை, உருகிய பெல்ட்டை, கரியான கூரையை ஒவ்வொன்றாகப் படம் எடுத்தார். பூபாலன் முட்டிபோட்டிருந்த இடத்துக்கு வந்தபோது போனைத் தாழ்த்தி, கதவைப் பிடித்தபடி நின்றிருந்த அனிதாவை நிமிர்ந்து பார்த்தார்.

"கொஞ்சம் தள்ளி நின்னுக்கறீங்களாம்மா? உங்க நெழல் உழுகுது."

அவள் கதவிலிருந்து கையை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். அந்த இடத்தில் வெயில் நன்றாக விழுந்தது. அவர் இரண்டு படம் எடுத்தார்.