நான்காவது வரி

சிங்கப்பூர் லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் சாலையைத் தோண்டிப் போட்டு, சுற்றிலும் தகரம் அடைத்திருந்தார்கள். தகரத்தில் நான்கு மொழியில் அபாயப் பலகை. பலகையைக் கண்டால் என் கண் முதலில் நான்காவது வரியான தமிழுக்குத்தான் போகும். கொம்பு விட்டுப்போயிருக்கிறதா, புள்ளி விழுந்திருக்கிறதா என்று பார்ப்பேன். பிழை இருந்தால் போட்டோ எடுத்து இமெயில் போட்டு, திருத்துகிற வரைக்கும் விடமாட்டேன். ஈசூனில் நான் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கில் எனக்குப் பட்டப்பெயரே தமிழ் போலீஸ். அதில் எனக்குப் பெருமைதான், எதற்கு மறைக்க வேண்டும்?

அன்று புதன்கிழமை சாயங்காலம் நான்காவது வரி என்னிடம் பேசவில்லை. ‘டேஞ்சர்’ படித்தேன். மலாயில் ‘பஹாயா’ படித்தேன். சீனம் எனக்கு எப்போதுமே படம். தமிழும் படமாகிவிட்டிருந்தது. சுழி, கொம்பு, கோடு எல்லாம் தெரிந்தன. ஒன்றும் சத்தமாக மாறவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டேன். கைப்பையிலிருந்து அன்றைய பூசையில் நான் படிக்க வேண்டிய வாசகத் தாளை எடுத்தேன். காலையில் மூன்று தடவை உரக்கப் படித்த தாள். அதிலும் அதே கதி. இயேசுவே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

அந்தத் தாளில் இருந்தது பைபிளில் வரும் பெல்சாசர் ராஜா கதை. கோவில் பாத்திரத்தில் மது ஊற்றிக் குடித்துக் கும்மாளம் போட்டவன். ஒரு கை வந்து சுவரில் எழுதியது. ராஜாவுக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. முழங்கால் இரண்டும் அடித்துக்கொண்டன. எங்கள் தமிழ்ப் பூசையில் பதினோரு வருஷமாக முதல் வாசகம் என்றால் ஜோசபின்தான், அதாவது நான்தான். இந்தக் கதை வரும்போதெல்லாம், தராசில் அவன் எடை குறைவு என்று சுவர் எழுத்துக்குப் பொருள் சொல்கிற இடத்தில் குரலைத் தணித்து, நிமிர்ந்து சனத்தைப் பார்ப்பேன். எல்லாருக்கும் மயிர்க்கூச்செறியும். எனக்கு மட்டும் ஒருநாளும் பயம் வந்ததில்லை.

அப்புறம் கேட்லின் ஞாபகம் வந்தது. போன மாசம் அந்தப் பிள்ளை முதல்தடவையாக வாசித்தது. போனில் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து வைத்துக்கொண்டு வாசித்தது. பூசை முடிந்ததும் எல்லார் முன்னாலும் கேட்டேன்: “ஏம்மா, ஆண்டவர் உனக்கு இங்கிலீஷ் எழுத்துலயா பேசுனாரு? தமிழ் படிக்கத் தெரியாதவங்க எதுக்கு மேடைக்கு வரணும்?” நாலு பேர் சிரித்தார்கள். “சாரி ஆன்ட்டி” என்றாள். வாசகர் பட்டியல் என் கையால் எழுதி ஒட்டியது. அதில் அவள் பெயரைச் சிவப்புப் பேனாவால் அடித்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று தோன்றாமல் இல்லை. போனால் இதற்கு ஒரு பேர் சொல்லிவிடுவார்களே என்று பயம். கால் கோவிலுக்குத்தான் போனது. மனப்பாடம்தானே, தாளைப் பிடித்துக்கொண்டு ஒப்பித்துவிடலாம் என்று நினைத்தேன். பாருங்கள், அந்த நேரத்திலும் புத்தி போன போக்கை. நடந்துகொண்டே சொல்லிப் பார்த்தேன். இரண்டாவது வாக்கியம் வரவேயில்லை.

கேட்லின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வேறு யாரிடம் போவது?

“உன் போன்ல இன்னைக்கு வாசகம் இருக்கா?”

“இருக்கு ஆன்ட்டி. ஏன்?”

“நீயே வாசிச்சிரு. நான் கண்ணாடியை மறந்துட்டேன்.”

அவள் என் கழுத்தைப் பார்த்தாள். கண்ணாடி அங்கேதான் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

“எழுத்து தெரியல, கேட்லின். தமிழ் எழுத்து ஒண்ணுமே தெரியல. ரொம்ப பயமா இருக்கு.”

சட்டென்று எழுந்தாள். “எப்ப இருந்து? சிரிங்க ஆன்ட்டி. ரெண்டு கையும் தூக்குங்க.” தூக்கினேன். வலது கை தானாகக் கீழே இறங்கியது. “இது ஸ்ட்ரோக் மாதிரி இருக்கு லா. உட்காருங்க, நான் ஆம்புலன்ஸ் கூப்பிடறேன்.”

“ஆண்டவர் என்னைத் தண்டிச்சிட்டாரா?”

“ஐயோ ஆன்ட்டி, அதெல்லாம் அப்புறம் லா.” அதற்குள் போன் அவள் காதில் இருந்தது.

என்னை வெளித் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கோவில் வேலையெல்லாம் பார்க்கும் இஞ்ஞாசி அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். பூசை மணி அடித்தது. கேட்லின் போகமாட்டேன் என்றாள். “போய் வாசி” என்றேன். அதட்டலாகச் சொல்ல நினைத்தேன், கெஞ்சலாக வந்தது.

ஸ்பீக்கரில் அவள் குரல் கேட்டது. ஒவ்வொரு ‘ழ’வும் ‘ள’வாக விழுந்தது. ஒன்றையும் தவறவிடக் கூடாது என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். எனக்கென்று மிச்சமிருந்த தமிழ் அதுதான். எடை குறைவு என்கிற இடம் வந்தது. அவள் குரலைத் தணிக்கவில்லை, நிறுத்தவும் இல்லை. தட்டுத்தடுமாறி அதையும் கடந்து போனாள். எனக்கு முழங்கால் நடுங்கியது.

ஆம்புலன்ஸ் சத்தம் கிட்டே வந்துகொண்டிருந்தது. எதிர்ச் சுவரில் வாசகர் பட்டியல். என் கையெழுத்தில் பன்னிரண்டு பெயர்கள். என் பெயரைத் தேடினேன். மேலிருந்து கீழே பார்த்தேன், கீழிருந்து மேலே பார்த்தேன். புரிந்தது நான் போட்ட அந்தச் சிவப்புக் கோடு மட்டும்தான். அது என் பெயர் மேலேயே கிடக்கிற மாதிரி இருந்தது.

“அண்ணே,” என்றேன், “அது யார் பேரு மேல போட்டிருக்கு?”