மண்டுவுக்கு வேற பேரு

என் தம்பி என்னை மண்டுன்னுதான் கூப்பிடுவான். வீட்டுக்குள்ள கூப்பிட்டா தொலையட்டும். கம்ப்யூட்டர்ல அவன் எழுதின புரோகிராமுக்கும் அதே பேரை வெச்சுத் தொலைச்சுட்டான். நம்ம ஃபைலையெல்லாம் தினமும் இன்னொரு காப்பி எடுத்து வைக்கிற புரோகிராம். காசு கிடையாது, யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம், திருத்தலாம். அப்ப அவன் காலேஜ்ல படிச்சிட்டிருந்தான். இது எங்க போயிடப் போகுதுன்னு நானும் சிரிச்சேன்.

இருபது வருஷத்துல அது உலகம் பூரா போயிடுச்சு. நான் ரெக்கார்டு செக்‌ஷனைப் பார்த்துக்கிற ஆஸ்பத்திரிக்கும் வந்துடுச்சு. என் தம்பி எழுதினதுன்னு பெருமையடிச்சவளும் நான்தான். தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க? போன மாசம் யாரோ ஒரு புண்ணியவான் அதோட வெப்சைட்ல பேருக்குக் காரணம் எழுதி வெச்சான்: எழுதினவரோட அக்கா கணக்குல திரும்பத் திரும்ப ஃபெயிலாம். அப்புறம் என்ன, "மண்டு தூங்கிடுச்சு, எழுப்பு"ன்னு கம்ப்யூட்டர் பசங்க என் முன்னாடியே பேசிட்டு வாயைப் பொத்திக்கிட்டாங்க. என் கீழ வேலை செய்யறவங்க முன்னாடி நான் எப்படித் தலை நிமிர்றது?

நேரா தம்பி வீட்டுக்குப் போய், பேரை மாத்துன்னேன். அந்தக் காரணத்தை எடுத்துடறேன்னான். பார்த்தவன் கண்ணைப் பிடுங்க முடியுமா? சரி, மாத்தறேன், ஆனா பழைய பேரும் கொஞ்ச வருஷம் வேலை செய்யணும்க்கா, எத்தனையோ ஆபீஸ்ல அந்தப் பேரைச் சொல்லித்தான் தானா ஓட விட்டிருப்பாங்க, அது இல்லைன்னா காப்பி எடுக்காதுன்னு கெஞ்சினான். நான் கேக்கலை. அந்தப் பேரு எங்கேயாவது இருந்தா நீ யாரோ நான் யாரோன்னு குதிச்சேன். என் மூஞ்சியைப் பார்த்தான், லேப்டாப்பை மூடினான். அடுத்த வாரம் புதுசு வந்துச்சு. பேரு 'காவல்'. மண்டு சுத்தமா போச்சு.

நிம்மதியா இருந்திருக்கணும் இல்லையா? அங்கங்க காப்பி எடுக்காம நின்னுபோச்சு. ஒரு பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டர் கெட்டுப்போய், காப்பியும் இல்லாம பிள்ளைங்க மார்க் பூரா போச்சாம். அந்த வெப்சைட்ல திட்டோ திட்டுன்னு திட்டறாங்க. சொல்லாம கொள்ளாம பழைய பேரை ஏன் எடுத்தீங்கன்னு கேட்டவங்களுக்கு இவன் ஒரே வரிதான் எழுதியிருந்தான்: "என் முட்டாள்தனம்." என்னைப் பத்தி மூச்சு விடலை. அவனோட சேர்ந்து அதைப் பார்த்துக்கிறவங்க கூடிப் பேசி, சாயங்காலத்துக்குள்ள பழைய பேரைத் திரும்ப வைக்கலைன்னா புரோகிராமையே உன் கையிலேருந்து எடுத்துடுவோம்னுட்டாங்க.

ஆஸ்பத்திரியில இருப்புக் கொள்ளலை. உட்கார்ந்தா எழுந்திருக்கத் தோணுது, எழுந்தா எங்க போறதுன்னு தெரியலை. லீவு சொல்லிட்டு ஓடினேன். தம்பி பொண்டாட்டி கதவைத் திறந்து, காலையிலேருந்து எதுவும் சாப்பிடலை அண்ணின்னு கண்ணைத் துடைச்சா. உள்ள அவன் ஸ்க்ரீன் முன்னாடி கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தான்.

"திரும்ப வைடா."

"வேணாம்க்கா. அன்னிக்கு உன்னைக் கேட்டா வெச்சேன்? போனா போகட்டும்."

போனா போகட்டுமாம்! பிள்ளை பொறந்த அன்னிக்குக்கூட பிரசவ வார்டு வராந்தாவுல உட்கார்ந்து அதைத் திருத்தினவன் இவன். ரெண்டு அறை விடலாம்னு கோபம் வந்துச்சு, கூடவே அழுகையும் வந்து தொலைச்சுது. நாற்காலியோட அவனை அந்தப் பக்கம் தள்ளிட்டு, தெரிஞ்ச இங்கிலீஷ்ல நானே அந்த வெப்சைட்ல எழுதினேன். பழைய பேரை எடுக்கச் சொன்னது அவனோட அக்கா, நான்தான்; புதுப் பேரும் இருக்கட்டும், பழசும் இருக்கட்டும்னு.

எங்கேயோ இருக்கிற யாரோ உடனே கேட்டாங்க: இதுல நீங்க என்ன எழுதியிருக்கீங்க? இதைச் சொல்ல உங்களுக்கு என்ன உரிமை?

நான் அதுல ஒரு எழுத்துகூட எழுதினதில்லை. தம்பி வேண்டாம்னு என் கையைப் பிடிச்சான். உதறிட்டு டைப் அடிச்சேன்.

"அது என் பேரு. நான் தர்றேன்."