இருட்டரசன் ஏன் கிசுகிசுத்தான்?

1

இந்தக் கதை ஒரு காப்பி இயந்திரத்தின் முன்னால் பிறந்தது. வேறு ஏதாவது கௌரவமான இடத்தில் பிறந்ததாகச் சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் ஒலிப்பதிவுக் கூடத்தின் நடைவழியில், காசை விழுங்கிவிட்டுக் கல்லுளிமங்கன் மாதிரி நின்ற அந்தப் பெட்டியை நான் ஓங்கித் தட்டிக்கொண்டிருந்தபோதுதான் இடியண்ணன் வந்து, "தங்கச்சி, ஒரு உதவி கேக்கணும்" என்றார்.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கணினி விளையாட்டு தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில், விளையாட்டுக்குள் வரும் உலகத்துக்கு வரலாறு எழுதுவது என் வேலை. நடக்காத போர்கள், பிறக்காத ராஜாக்கள், யாரும் குளிக்காத ஆறுகள். "சின்ன வயசுல பொய் சொன்னேன்னு உன்னை அடிச்சேன். இப்ப அதுக்குத்தான் சம்பளம் தர்றாங்க" என்பாள் அக்கா. அடியைத் திருப்பி வாங்கிக்கொள்ள அவள் இன்னும் முன்வரவில்லை.

இடியண்ணன் எங்கள் வில்லனுக்குக் குரல் கொடுப்பவர். அவர் தும்மினால் ஜன்னல் அதிரும்.*

(* அதிராது. எழுதும்போது கை கொஞ்சம் நீளுகிறது.)

வில்லனின் பெயர் இருட்டரசன். தலைநகரத்து விளக்குகளை எல்லாம் ஒரே உத்தரவில் அணைத்தவன். கோயில் மணிகளின் நாக்கைப் பிடுங்கியவன். ஏன் செய்தான் என்று நான் எழுதவே இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. வில்லன் என்றால் அப்படித்தான் இருப்பான் என்று விட்டுவிட்டோம்.

"அவனுக்கு ஒரு காரணம் கண்டுபிடிச்சுத் தாங்களேன்" என்றார் இடியண்ணன்.

"இப்ப என்ன அவசரம்ணே?"

அவசரம் இருந்தது. அவருக்கு ஆறு வயதில் ஒரு மகள், செல்லப் பெயர் பட்டாணி. பக்கத்து வீட்டில் யாரோ எங்கள் விளையாட்டைச் சத்தமாக வைத்து விளையாட, சுவர் தாண்டி வந்த குரலை அவள் கேட்டிருக்கிறாள். அப்பாவின் குரல். அன்றிலிருந்து அவர் வாயைத் திறந்தால் போதும், இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொள்கிறாள்.

"'நீதான் ஊரை இருட்டாக்கினியாப்பா?'ன்னு கேட்டா. இப்ப வீட்டுல எல்லாம் சைகைதான். உப்பு வேணும்னாக்கூட கையை ஆட்டுறேன். வீடு இப்பதான் அமைதியா இருக்குன்னு என் வீட்டுக்காரி கேலி பண்றா." சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. "கதை சொல்லித்தான் அவளைத் தூங்க வைப்பேன் தங்கச்சி. இப்ப விடமாட்டேங்கறா."

மறுநாள் மதியம் இரண்டாம் பாகத்தின் கடைசிக் காட்சிக்கு ஒலிப்பதிவு. அதில் இருட்டரசன் தீயில் எரிந்து சாகிறான். 'நீண்ட, கொடூரமான அலறல்' என்று எழுதி வைத்த புண்ணியவதி நான்தான்.

"அலறிடுவேன். அது என் தொழில்" என்றார் இடியண்ணன். "அலறிட்டு வீட்டுக்குப் போய் என்ன பண்றது?"

அந்த நேரம் பார்த்துக் காப்பி கொட்டியது. கோப்பை வைக்க மறந்திருந்தேன்.

2

தொடக்கம் ஒன்று: இருட்டரசன் பிறந்தபோது வானத்தில் ஒரு நட்சத்திரம்கூட—

(வேண்டாம். பிள்ளை பிறக்கும்போது வானிலை அறிக்கை எதற்கு?)

தொடக்கம் இரண்டு: சிறு வயதில் மாற்றாந்தாய் அவனை ஓர் இருட்டறையில்—

(அக்கா தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "எல்லா வில்லனுக்கும் இதே வியாதிதானா?" அடித்துவிட்டேன், வரியை.)

தொடக்கம் மூன்று: அவன் காதலித்த பெண் விளக்கேற்றப் போனபோது, அவளுடைய—

(இது எங்கே போய் முடியும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். இதை ஒரு ஆறு வயதுக் குழந்தையிடம் போய்ச் சொல்லவா முடியும்?)

இதற்கு நடுவே இடியண்ணன் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மனிதர்மேல் இல்லை, பாத்திரத்தின்மேல். முதல் வரைவில் அவரை ஆறடி உயரமாக எழுதியிருந்தேன். உண்மையில் என் தோளுக்குத்தான் வருவார். இவ்வளவு சின்ன ஆளிடமிருந்து அவ்வளவு பெரிய குரல் என்றால் நம்பமாட்டீர்கள் என்று பயந்தேன். இப்போது உண்மையையே சொல்லிவிட்டேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

3

எதுவும் ஓடாததால் பழைய காட்சியைப் போட்டுக் கேட்டேன். முதல் பாகம், அரண்மனை மாடம், கீழே விளக்குகளாய் மின்னும் ஊர். அப்போது இருட்டரசன் சொல்கிறான்:

"விளக்கை அணையுங்கள். இனி ஒரு சத்தமும் கேட்கக் கூடாது."

கத்தவில்லை, கிசுகிசுக்கிறான். விளையாடுகிறவர்களுக்கு ரத்தம் உறைவது அந்த இடத்தில்தான். 'ஈவு இரக்கமற்ற நிதானம்' என்று ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நான் எழுதியது வேறு. '(ஊரே அதிரும்படி கத்துகிறான்)' என்று அடைப்புக்குறி போட்டு, மூன்று ஆச்சரியக்குறியும் வைத்திருந்தேன். ஒலிப்பதிவுக்கு எழுதுகிறவர்கள் போவதில்லை. முடிந்த பிறகுதான் எங்கள் காதுக்கு வரும்.

இடியண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, அந்த மாடத்துக் காட்சியில நான் கத்தச் சொல்லித்தானே எழுதியிருந்தேன்?"

"ஆமா."

"அப்புறம் ஏன் கிசுகிசுத்தீங்க?"

"ஐயோ, அதுவா! அன்னைக்குப் பட்டாணி கைக்குழந்தை. வீட்டுக்காரிக்கு ஆஸ்பத்திரியில பகல் டூட்டி. பார்த்துக்க ஆள் இல்லாம கையோட தூக்கிட்டு வந்துட்டேன். ராத்திரி பூரா அழுதுட்டு அப்பதான் என் தோள்ல கண்ணசந்தா. அவளைத் தோள்ல போட்டுக்கிட்டேதான் மைக் முன்னாடி நின்னேன். அந்த நேரத்துல எவனாவது கத்துவானா?"

நான் நாற்காலியிலிருந்து எழுந்து ஒரு குதி குதித்தேன். அக்கா பயந்துபோய், "என்னடி, கரப்பான் பூச்சியா?" என்றாள். கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்தேன். அவ்வளவு சந்தோஷம்.

4

இனி, நானே எழுதிய வரலாற்றை நான் படித்த விதம்.

மணிகளின் நாக்கைப் பிடுங்கினான். கொல்லர்கள் சுத்தியலைத் தொடக் கூடாது என்றான். குதிரைகளின் குளம்பில் துணி சுற்றச் சொன்னான். சேவல்களை நாடு கடத்தினான். தூதர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நுனிக்காலில் நடந்துவர வேண்டும் என்றான். (இதைப் பெரிய அவமானம் என்று எழுதியிருந்தேன். என்னத்தைச் சொல்ல!) கதவை அறைந்து சாத்தியதற்காகத் தளபதியைச் சிறையில் போட்டான்.

பிள்ளை பெற்றவர்களே, நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். இதில் நீங்கள் செய்யாதது எது? அழைப்பு மணியின் வயரைப் பிடுங்கியதில்லையா? பக்கத்து வீட்டில் ஆணி அடிக்கிறவனைச் சிறையில் போட மனம் துடித்ததில்லையா? உங்களிடம் சிறை இல்லை, அவனிடம் இருந்தது. மற்றபடி பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

யாரோ தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். ரொம்ப நேரம் அழுதுவிட்டு, இப்போதுதான் தூங்கியிருக்கிறார்கள்.

மறுநாள் காலை இயக்குநரிடம் ஓடினேன். எதற்கும் சிரிக்காத அம்மா அவர். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எரிய வேண்டாம், சரி. ஆனா யாரு தூங்குறா?"

"அது... மதியத்துக்குள்ள சொல்லிடறேன்."

"சொல்லலேன்னா அலறல்தான்."

5

அ. ஒரு டிராகன் தூங்குகிறது. விழித்தால் ஊர் சாம்பல். (அப்படியானால் அவன் தியாகி ஆகிவிடுவான். தியாகிக்குச் சிலை வைப்பார்கள். பட்டாணிக்குச் சிலை எதற்கு, அப்பா போதும்.)

ஆ. அவனுடைய நோயாளி மகள். (கண்ணீர் உறுதி. அதனாலேயே வேண்டாம்.)

இ. போரில் களைத்துப்போன ஊர் மக்கள் எல்லாரும். (நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் எல்லாரும் தூங்கினால் குதிரைக்குத் துணி சுற்ற, சேவலை விரட்ட யார்—)

இப்படியே மதியம் வந்துவிட்டது.

6

பட்டாணியும் வந்திருந்தாள். அம்மாவுக்கு அன்றும் பகல் டூட்டி. ஒலிப்பதிவாளரின் நாற்காலியில், கால் தரையில் படாமல், இரண்டு காதிலும் விரலோடு உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இடியண்ணன் மைக் முன்னால் வாயைத் திறக்காமல் நின்றார்.

காதில் விரல் விட்டிருக்கிறவளிடம் எப்படிப் பேசுவது? நானும் கிசுகிசுத்தேன். உதட்டைப் பார்த்துவிட்டு, ஆர்வம் தாங்காமல் ஒரு விரலை எடுத்தாள்.

"அந்த ராஜா ஏன் விளக்கை அணைச்சார் தெரியுமா?"

"கெட்டவர்."

"இல்லடா. யாரோ தூங்குறாங்க. எழுப்பிடக் கூடாதுன்னுதான்."

யோசித்தாள். "யாரு?"

"எனக்குத் தெரியல. நிஜமாவே தெரியல. ராஜா பேசுறதைக் கேட்டு நீதான் கண்டுபிடிக்கணும்."

இன்னொரு விரலும் வந்தது. ஒலிப்பதிவாளர் சைகை காட்டினார். இடியண்ணன் மகளைப் பார்த்துக்கொண்டே, தோளில் இன்னும் அவள் கிடப்பதுபோல ஒரு பக்கம் சாய்ந்து நின்று, அந்த மாடத்து வரியையே கிசுகிசுத்தார்:

"விளக்கை அணையுங்கள். இனி ஒரு சத்தமும் கேட்கக் கூடாது."

பட்டாணி எங்கள் பக்கம் திரும்பினாள். உதட்டில் விரலை வைத்து, "ஷ்ஷ்!" என்றாள், இயக்குநரைப் பார்த்து. அந்த அம்மா பேனாவைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

பிறகு நாற்காலியிலிருந்து குதித்துக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். "எனக்குத் தெரிஞ்சுபோச்சு!" அப்பாவை இழுத்துக் குனியவைத்துக் காதில் ஏதோ சொன்னாள். இடியண்ணன் சிரித்தார் பாருங்கள், அப்படியொரு சிரிப்பு. ஜன்னல் அதிர்ந்தது.* பட்டாணி காதைப் பொத்தவில்லை. கூடவே சிரித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன.

(* இந்த முறை நிஜமாகவே அதிர்ந்தது. ஒலிப்பதிவாளர் சாட்சி.)

7

அலறல் போயிற்று. புதிய கடைசிக் காட்சியில் இருட்டரசன் உள்ளறைக்குள் நுனிக்காலில் போகிறான், போர்வையை இழுத்துப் போர்த்திவிடுகிறான், கதவைச் சாத்துகிறான். போர்வைக்குள் யார் என்று நாங்கள் காட்டுவதில்லை.

"யாருன்னு சொல்லுங்கண்ணே, எழுதினவளுக்காவது தெரிய வேண்டாமா?" என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"ரகசியம் தங்கச்சி. தெனமும் ராத்திரி அந்தக் கதையைத்தான் சொல்லச் சொல்றா. வெளியில சொன்னா மறுபடியும் சைகைதான்னு மிரட்டி வச்சிருக்கா."

ஆகவே இந்தக் கதையின் முடிவு என்னிடம் இல்லை. இடத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்:

அன்று ஊரின் விளக்குகள் எல்லாம் அணைந்தன. ஏனென்றால் ................ அப்போதுதான் தூங்கியிருந்தது / தூங்கியிருந்தாள் / தூங்கியிருந்தார்கள்.

உங்கள் வீட்டு ஆளையே போட்டுக்கொள்ளலாம், தப்பில்லை. நிரப்பியதும் ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள். மெதுவாக.