விட்மோர் வீட்டுச் சம்பந்தம்

குலசேகரம் கொழும்புத் துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக இருந்தவர். லண்டனுக்கு வந்து ஸ்ட்ரெதத்தில் குடியேறி, கவுன்சிலில் பார்க்கிங் தண்டப் பிரிவில் வேலை பார்த்தும் பழைய உத்தியோகம் அவரை விட்டுப் போகவில்லை. யாராவது சிரித்துக்கொண்டு வணக்கம் சொன்னால், இவன் எதை மறைக்கிறான் என்றுதான் முதலில் பார்ப்பார். மகள் சிவகௌரி ஒருவனைப் பிடித்திருக்கிறது என்று சொன்னபோது, அவனுடைய பெட்டியைத் திறக்கச் சொல்லாத குறைதான்.

பையனின் பெயர் கிறிஸ்துராஜா விட்மோர். சொந்த ஊர் வட்டுக்கோட்டை, இருப்பது ஹவுன்ஸ்லோவில், ஹீத்ரோ விமான நிலையத்தில் எஞ்சினியர். கிறிஸ்தவ வேதக்காரர் என்பதைக் குலசேகரம் முக்கி முனகி விழுங்கிவிட்டார். விட்மோர்தான் தொண்டையில் நின்றது. யாழ்ப்பாணத்தானுக்கு எங்கிருந்து வந்தது இந்தப் பெயர்?

பையனின் தகப்பன் ஜெயரத்தினம் அதற்குப் பதில் வைத்திருந்தார். அதுதான் வினையாய்ப் போயிற்று. அவர் வீட்டு வரவேற்பறையில் கண்ணாடி போட்ட வம்ச மரம் ஒன்று தொங்கியது. நூலகத்தில் எதையோ பார்த்து, தானே ஆள் வைத்துக் கீறுவித்த படம். அடியில், முந்நூற்றைம்பது வருடங்களுக்கு முன் கப்பலேறி மாசசூசெட்ஸில் இறங்கிய ஒரு விட்மோர்; உச்சியில் கிறிஸ்துராஜா. நடுவே ஒரு கிளை மட்டும், ஏன் எதற்கு என்று சொல்லாமல், அமெரிக்காவிலிருந்து வட்டுக்கோட்டைக்குத் தாவியிருந்தது. சம்பந்தம் பேச வந்த குலசேகரத்திடம், தாங்கள் அமெரிக்காவின் முதல் குடியேறிகளின் வழி என்று சொல்லி, ஜெயரத்தினம் தன் பூனைக்கண்ணைச் சாட்சிக்குக் காட்டினார். பாவம், அந்தப் பெருமைக்கு என்ன விலை கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை.

வீடு திரும்பும் வழியெல்லாம் காருக்குள் அந்தக் கண்ணைப் பற்றியே பேச்சு. எவனோ ஒரு வெள்ளைக்காரப் பாதிரி தாலி கட்டாமல் விட்டுப்போன வழி என்று மனைவி தவமலரிடம் குலசேகரம் தீர்ப்பே சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை மனோர் பார்க் முருகன் கோயிலில் சாமியைக் கும்பிட்ட நேரத்தைவிட, வட்டுக்கோட்டைக்காரரைத் தேடிப்பிடித்து விசாரித்த நேரம் அதிகம். டொரன்டோவில் இருந்த அந்த ஊர்க்காரருக்கும் போன் எடுத்தார். எல்லாரும் நல்ல குடும்பம் என்றார்கள். எல்லாரும் ஒரே மாதிரிச் சொன்னது அவருக்குப் புதிய சந்தேகத்தைக் கொடுத்தது.

கடைசியில் மகளைக் கூப்பிட்டார்.

“அந்த வெள்ளைக்காரக் கதை பொய் எண்டு காட்டு. அடுத்த நிமிசமே நான் ஓம் எண்டுறன்.”

சிவகௌரி அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். ஆளை விட்டு ஆளாக விசாரித்து, அமெரிக்க விட்மோர் குடும்பத்தின் வரலாற்றைத் தேடித் திரியும், அதே குடும்பத்தில் பிறந்த மார்த்தா என்ற அம்மையாரைக் கண்டுபிடித்தாள். அந்த முதல் விட்மோர் இங்கிலாந்தில் எந்த ஊரிலிருந்து கப்பலேறினார் என்று பார்க்க, தொண்ணூற்றிரண்டாம் ஆண்டுக் கோடையில் மார்த்தா லண்டனுக்கு வந்தார். சிவகௌரி அவரையும் சம்பந்தி வீட்டாரையும் ஒரே நாளில் தேநீருக்கு அழைத்தாள்.

மார்த்தா உளுந்து வடையை ரசித்துத் தின்றபடி கதையைச் சொன்னார். நூற்றைம்பது வருடங்களுக்கு முன் அவர்கள் குடும்பத்தில் எட்வர்ட் என்றொரு சிறுவன் காய்ச்சலில் இறந்துபோனான். தாய்க்குத் தாங்கமுடியவில்லை. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் விடுதியில் ஒரு பிள்ளையின் படிப்பையும் சாப்பாட்டையும் பொறுப்பேற்றால், அந்தப் பிள்ளைக்குத் தாங்கள் விரும்பிய பெயரை வைக்கச் சொல்லலாம். தாய் தன் மகனின் முழுப் பெயரையும் யாரோ ஒரு தமிழ்ப் பிள்ளைக்குக் கொடுத்தாள். அந்தப் பிள்ளையின் வழிதான் வட்டுக்கோட்டை விட்மோர்கள்.

“எங்கள் எட்வர்ட் சாகவே இல்லை,” என்று சொல்லி மார்த்தா கிறிஸ்துராஜாவின் கன்னத்தைத் தடவினார்.

ஜெயரத்தினத்தின் முகம் விழுந்துவிட்டது. “அப்ப எங்கடை கண்?” என்று தன்பாட்டில் கேட்டுக்கொண்டார்.

குலசேகரத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கலப்பு இல்லை, சுத்த யாழ்ப்பாணம். தானே எழுந்து மார்த்தாவுக்குத் தேநீர் ஊற்றினார். ஓம் என்று சொல்ல வாயையும் திறந்தார். அந்த நேரம் பார்த்து உள்ளே இருந்த சுங்க அதிகாரி விழித்துக்கொண்டார். பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டுத்தானே கழன்றது, உள்ளே என்ன இருக்கிறது என்று இன்னும் பார்க்கவில்லையே.

வெள்ளைக்காரிக்கு விளங்காமல் இருக்க, தமிழில் கேட்டார்.

“அப்ப, அந்தப் பேர் வைக்க முந்தி அந்தப் பெடியன் ஆர்? என்ன ஆக்கள்?”

சாதியைத்தான் கேட்கிறார் என்று தமிழர் எல்லாருக்கும் விளங்கியது. ஜெயரத்தினம் கோப்பையைக் கீழே வைத்தார். கிறிஸ்துராஜா தலையைக் குனிந்தான். தவமலர் சமையலறைக்குள் போய்விட்டார். மார்த்தா மட்டும் சிரித்த முகத்தோடு, அவர் என்ன கேட்டார் என்று சிவகௌரியிடம் கேட்டார்.

சிவகௌரி தகப்பனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, திருத்தமான ஆங்கிலத்தில் பதில் சொன்னாள்.

“கல்யாணத்தை எப்போது வைக்கலாம் என்று கேட்கிறார்.”

மார்த்தா கைதட்டி, எழுந்து வந்து குலசேகரத்தைக் கட்டிக்கொண்டார்.

இல்லை என்று மறுக்கலாம். ஆனால் மறுத்தால், கேட்டதை ஆங்கிலத்தில் சொல்லியாக வேண்டும். குலசேகரம் மனதுக்குள் வசனத்தைக் கூட்டிப் பார்த்தார். இத்தனை காலம் தமிழில் கூசாமல் கேட்ட கேள்வி, அந்த மனுஷியின் முன்னால் ஆங்கிலத்தில் வாய்க்கு வரவில்லை. வாழ்க்கையில் முதல்தடவையாக அவருக்கு அது வெட்கமாக இருந்தது.

“ஆவணியிலை வைக்கலாம்,” என்றார்.

கிறிஸ்துராஜா நிமிர்ந்தான். ஜெயரத்தினம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குலசேகரம் மகள் சிரிப்பாள் என்று பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. துறைமுகத்தில் பெட்டியோடு வந்து நின்றவர்களை அவர் பார்த்ததுபோல, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் முடிந்து பேரப்பிள்ளை பிறந்த பிறகும் அந்தப் பார்வை மாறவில்லை.