எட்டாம் நாள் முர்தபா

சுப்பம்மா செத்து எட்டாம் நாள் படையலுக்கு முர்தபா வேண்டும் என்று வீராசாமி அண்ணன் வந்து கேட்டார். கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, "ரஷீதாம்மா, அவளுக்குப் புடிச்சதெல்லாம் வைக்கணும்லா. உன் முர்தபா இல்லாம எப்படி?" என்றார். எனக்கு அழுகை வந்தால் கூடவே கோபமும் வந்துவிடும். "இத நீங்க வந்து கேக்கணுமா? நான் போடாம இருந்துருவேனா?" என்று கத்திவிட்டேன். பாவம், பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனிதர், தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

என் வீட்டுக்காரர் ஜமாலுதீன் பேப்பரை மடித்துவிட்டு, "படையலுக்கா?" என்று இழுத்தார். "சமைச்சுக் குடுக்கத்தான் போறேன். கும்பிடப் போறேன்னா சொன்னேன்?" என்றேன். அவர் மறுபடியும் பேப்பரை விரித்துக்கொண்டார்.

தஞ்சோங் கிளிங்கில் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு அவர்களுடையது. நியாலாஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தை விட்டு அவர்கள் குடிவந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. முதல் பெருநாளுக்கு நான் கொடுத்தனுப்பிய முர்தபாவை அண்ணன் தொடவில்லை. என்ன கறியோ என்று ஒதுக்கி வைத்துவிட்டாராம். சுப்பம்மா தட்டோடு நேரே என் அடுப்படிக்கு வந்து நின்றாள். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. இதுல என்ன கறி?" எனக்கு அவளை அப்போதே பிடித்துப்போயிற்று. "ஆட்டுக்கறி. உன் வீட்டுக்கு நான் குடுக்குற எதுலயும் மாட்டுக்கறி இருக்காது" என்றேன். அந்த வார்த்தைக்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் என்னிடம் இது என்ன கறி என்று கேட்டதில்லை.

படையல் ஞாயிற்றுக்கிழமை. டவுனில் நாங்கள் வழக்கமாகக் கறி வாங்கும் நம்ம தமிழ்க்காரர் கடை அன்றைக்குப் பூட்டிக் கிடந்தது. பசாரில் ஒரு மலாய்க்காரர் கடையில், கொத்தினது அரை கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன். வாரம் பூரா அழுது மூக்கு அடைத்து, தலை கனத்துக் கிடந்தது. மாவை முதல் நாளே பிசைந்து, உருண்டை பிடித்து, எண்ணெயில் ஊறப் போட்டிருந்தேன். வெங்காயத்தை நறுக்கி, கறியை மசாலாவோடு சுருள வதக்கி, முட்டை அடித்து ஊற்றிக் கலந்தேன். மாவை விசிறித் தாளாக விரித்துக் கல்லில் போட்டு, நடுவில் கறியை வைத்து, நாலு பக்கமும் மடித்தேன். ஓரம் முறுகலாக வரும்வரை விடவில்லை. சுப்பம்மா ஓரத்தைத்தான் முதலில் பிய்ப்பாள். வாசனை எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. என் மூக்குக்கு அன்று எல்லாம் வெறும் சூடுதான்.

சாயங்காலம் அவர்கள் மகள் பவானேஸ்வரி வந்து நாலு முர்தபாவை வாங்கிக்கொண்டு போனாள். ஐந்தாவதை வீட்டுக்காரருக்கு வைத்தேன். ஒரு வாய் மென்றவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ரஷீதா, மாட்டுக்கறியில போட்டியா?"

"பைத்தியமா உங்களுக்கு? ஆட்டுக்கறி."

"கடையில என்னன்னு கேட்ட?"

நான் கேட்டதை நினைத்துப் பார்த்தேன். 'டாகிங்' என்று கேட்டிருந்தேன். எங்கள் வீட்டில் கறி என்றால் ஆட்டுக்கறிதான், வேறு பேச்சே கிடையாது. மனசுக்குள் இருந்த அந்தக் கறியை அப்படியே மலாய்க்கு மாற்றி டாகிங் என்று சொல்லிவிட்டேன். வெறும் டாகிங் என்றால் மாட்டுக்கறியைத்தான் கட்டித் தருவான். ஆட்டுக்குக் 'காம்பிங்' என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். பிறந்ததிலிருந்து பேசுகிற பாஷை. சின்னப் பிள்ளைகூட இந்தத் தப்பைச் செய்யாது. என் வாயிலேயே நாலு போடலாம் போலிருந்தது.

சொல்லாமல் விட்டால் என்ன என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். மசாலாவில் அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது? நினைத்தேன் என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் படைத்தது முடிந்ததும் அதை எல்லோரும் பிட்டுச் சாப்பிடுவார்கள். செத்துப்போனவளுக்குக் கொடுத்த வார்த்தையை எட்டே நாளில் நானே அவள் இலையில் வைத்து முறிப்பதா? செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன்.

நான் போனபோது படைத்து முடித்துவிட்டார்கள். செத்தவர் வந்து சாப்பிடட்டும் என்று விளக்கை ஏற்றி, அறைக் கதவைச் சாத்திவிட்டு, சொந்தக்காரர்கள் எல்லோரும் கூடத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். வீராசாமி அண்ணன் கதவுக்குப் பக்கத்தில் நின்றார். அவ்வளவு பேர் முன்னாலும் சொன்னேன்.

"அண்ணே, தப்பு பண்ணிட்டேன். கடையில மாத்திக் கேட்டுட்டேன். அது மாட்டுக்கறி."

பவானி துள்ளி எழுந்தாள். "ஆன்ட்டி! என்ன ஆன்ட்டி இது? அம்மா முன்னால போய் இத வச்சிட்டோமே! பார்த்து வாங்க மாட்டீங்களா?" அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் அழ ஆரம்பித்தாள். மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். அண்ணன் மட்டும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திட்டியிருந்தால் தேவலை. இனி இந்த வீட்டுக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தேன்.

அவர் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனார். முர்தபா இருந்த தட்டை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

"பவானி, இலைய மாத்து. எல்லாத்தையும் புதுசா வை."

"அப்பா, பொழுது சாயப் போவுதுப்பா."

"சாயட்டும்." பிறகு என்னிடம், "நீ சொல்லலன்னா நாங்க எல்லாரும் தின்னுருப்போம்" என்றார்.

"ஆமாண்ணே."

"மாவு இருக்கா?"

"ரெண்டு உருண்டை இருக்கு. கறிதான் இல்ல."

"கறி வேணாம். முட்டையும் வெங்காயமும் போட்டுக் கொண்டா. அதுவரைக்கும் யாரும் பச்சத் தண்ணி குடிக்கக்கூடாது."

வீட்டுக்கு ஓடி வந்து, அந்தக் கல்லை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, ஒரு நாளும் கறி படாத தோசைச் சட்டியைத் தேடி எடுத்தேன். அவசரமாக விசிறியதில் முதல் உருண்டை கிழிந்தே போயிற்று. வீட்டுக்காரர் வெங்காயத்தை உரித்துக் கொடுத்தார். கடைசி உருண்டையை விசிறாமல், விரலால் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து விரித்தேன். அல்லாவே, இது மட்டும் கிழியக்கூடாது என்று வாய்விட்டுக் கேட்டேன். கிழியவில்லை.

திரும்பப் போனபோது ஒருவரும் எழுந்து போயிருக்கவில்லை. பவானி என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் எனக்கு வழிவிட்டு நகர்ந்தாள். அண்ணன் தட்டை வாங்கினார். உள்ளே என்ன வைத்திருக்கிறேன் என்று பிட்டுப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன், பார்க்க வேண்டும் என்றுகூட நினைத்தேன். அவர் பார்க்கவில்லை. அறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்தார். வெளியே இருந்த எல்லோருக்கும் அவர் குரல் கேட்டது.

"சுப்பு, முன்ன வச்சத எடுத்துட்டேன். இது முட்டைதான், நான் பொறுப்பு. ஒங்க அக்கா வெளியதான் நிக்கிறா. நீ சாப்புடு."